ஜானவாசத்தன்று வண்டியில் கேட்ட சத்தம்

1935-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஐந்தாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். வானத்தில் மேகம் இல்லை. கத்திரி முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும் வெக்கை குறையவில்லை. கடற்காற்று முந்தின நாள் சாயங்காலமே வரவில்லை. அந்த நேரத்தில்தான், வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது, டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

மறுநாள் வியாழக்கிழமை என் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின நாளான இந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஜானவாசம். லஸ் முனையில் இருந்த பிள்ளையார் கோயிலிலிருந்து தெற்கு மாட வீதியில் எங்கள் வீடு வரைக்கும், மாப்பிள்ளையைத் திறந்த மோட்டாரில் உட்கார வைத்து, மேளம் முன்னால் போக, அழைத்துவர வேண்டும். அந்த மோட்டார் இதுதான். வாடகைக்கு எடுத்திருக்கலாம். முகூர்த்த நாளாகையால் திறந்த வண்டி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சம்பந்தி சைதாப்பேட்டைக் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் சாட்சி கேட்பார். நிச்சயதார்த்தத்தன்று, பாயசம் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, அவர் ஒரு விஷயம் சொன்னார். அவருடைய தமையனார் பிள்ளைக்கு ஜானவாசம் நடக்கும்போது வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டதாம். பத்துப் பேர் தள்ளியும் நகரவில்லையாம். சகுனம் சரியில்லை என்று அன்று ராத்திரி ரயிலுக்கே பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்களாம்.

“எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாது ஓய்” என்றார். “ஆனா எங்காத்துல இருக்கு.”

அன்றையிலிருந்து கல்யாணம் வரை முப்பத்திரண்டு நாள். முப்பத்திரண்டு நாளும் நான் வண்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். இரண்டு மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

வண்டி புதியதல்ல. ஒரு தேயிலைக் கம்பெனி வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. நாலு பேர் உட்காரலாம். துணிக் கூரையை மடக்கலாம். கூடவே தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு புத்தகமும் கொடுத்தார். அதை நான் நாலு தடவை படித்திருக்கிறேன். ஓட்டுகிறவருக்கு முன்னால் இருந்த பலகையில் வேகமும் மற்றதும் காட்டுகிற நாலு முட்கள். அவற்றுக்கு நடுவில் சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்புக் கண்ணாடி. அதற்குள் விளக்கு எரிந்தால், டைனமோவிலிருந்து பாட்டரிக்கு மின்சாரம் போகவில்லை என்று அர்த்தம். வண்டி மெதுவாகப் போகும்போது எரிந்தால் கோளாறு இல்லை என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எவ்வளவு மெதுவாக என்று போடவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். மிகவும் மெதுவாக என்று பதில் வந்தது.

முட்கள் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. விளக்கு தொந்தரவு செய்தது. மூன்று வருஷமாக அது எரியாதபடி ஓட்டவேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிச் சொல்லி, தெருத் திருப்பங்களில் அவன் வேகத்தைக் குறைப்பதையே விட்டுவிட்டான்.

டிரைவர் ராயப்பேட்டைக்காரன். மோட்டாருக்கு வருவதற்கு முன் ஜட்கா ஓட்டியவன். வண்டியை நிறுத்தியதும் மட்கார்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இறங்குவான்.

“கேட்டியா?” என்றேன்.

“இன்னாத்த சாமி?”

“டக்குன்னு ஒரு சத்தம்.”

“காக்கா சாமி.”

“காக்கா டக்குன்னு கத்துமா?”

“கல்யாண ஊடு. எச்சி எலைக்கு எல்லா தினுசு காக்காவும் வர்து.”

இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி ஓட்டச் சொன்னேன். டக். ஆறு அடி, ஏழு அடி. டக். காக்கை ஷெட்டின் மேல்தான் இருந்தது.

இந்த மாதிரி சமயத்தில் மரக்கோல் ஒன்றை இஞ்சின்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டால் கோளாறு இருக்கும் இடம் தெரியும் என்று அறுபத்தோராம் பக்கத்தில் சொல்லியிருந்தது. மரக்கோலைவிடக் குழாய் நன்றாகக் கேட்கும் என்று எனக்குப் பட்டது. டாக்டர்கள் வைத்திருப்பது குழாய்தானே. சமையலறைக்குப் போய், அடுப்படியில் இருந்த பித்தளை ஊதுகுழலை எடுத்துக்கொண்டு வந்தேன். இஞ்சினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து, ஒவ்வோர் இடமாகக் குழலை வைத்துக் கேட்டேன். பதினோரு தினுசான சத்தம் கேட்டது. அவற்றில் எது இருக்கவேண்டியது, எது கூடாதது என்று புத்தகத்தில் இல்லை. டக் மட்டும் அந்தப் பதினொன்றில் இல்லை.

என் மனைவி வந்தாள். மடிசாரும் கையில் மஞ்சளுமாக, அவசரமாக வந்தாள்.

“ஏன்னா, ஊதுகுழலைப் பார்த்தேளா? சமையல்காரா தேடிண்டிருக்கா.” பிறகு என்னைப் பார்த்தாள். “அதுக்கென்ன, ஜுரமா?”

“சத்தம் போடறது.”

அவள் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் காக்கையைப் பார்த்தான்.

“எங்கேர்ந்து வரது?” என்றாள், குரலைத் தாழ்த்தி.

“தெரிஞ்சா நான் ஏன் கொழலும் கையுமா நிக்கறேன்?”

“வண்டி ஓடறதோன்னோ?”

“ஓடறது.”

“அப்ப ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு, குழலைப் பிடுங்கி, கரியை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். குழலில் எப்படி அத்தனை கிரீஸ் ஏறியது என்று சமையல்காரர்கள் மூன்று நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழரை மணிக்குப் புறப்பட்டுத் தியாகராய நகருக்குப் போனோம். அங்கே அப்போது வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். நீளமான நேர்ரோடு, குறுக்கே மாடு மட்டும் வரும். ஒரு வண்டியைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு கண்ணை முள்ளிலும் ஒரு கண்ணைச் சிவப்பு விளக்கிலும் வைத்துக்கொண்டேன். மணிக்கு இருபத்தைந்து மைலில் சத்தம் இல்லை. விளக்கும் இல்லை. பதினைந்தில் இரண்டும் இல்லை. எட்டுக்கு இறங்கியதும் விளக்கு மினுக்கியது, டக் கேட்டது. ஐந்தில் விளக்கு நன்றாக எரிந்தது, டக் நன்றாகக் கேட்டது. மறுபடி இருபதுக்குப் போனால் இரண்டும் போயிற்று. இதை ஆறு தடவை செய்து பார்த்தேன். ஆறு தடவையும் விளக்கும் சத்தமும் சேர்ந்தே வந்து, சேர்ந்தே போயின.

“டைனமோ” என்றேன்.

“கரீட்டா கண்டுபுட்சீங்க சாமி” என்றான் டிரைவர். “நானும் அத்தான் நென்ச்சேன். டைனமாதான்.”

மூன்று வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவன் உடனே ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு அதைக் கவனிக்க எனக்கு நேரம் இல்லை.

தேனாம்பேட்டையில் ஒரு ஷெட். அங்கே இருந்த மேஸ்திரி இஞ்சினைக் கிளப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டார். நிற்கிற வண்டியில் டக் வரவில்லை.

“ஓட்டிப் பாத்தாதான் தெரியும்” என்றார் அவர்.

“அதுக்கு டைம் இல்ல நைனா” என்றான் டிரைவர். “கல்யாண வண்டி. அவுரு டைனமாங்கிறாரு. படிச்சவரு. அத்த அவுத்துப் பாரு.”

மேஸ்திரி டைனமோவைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். மூன்று ரூபாய் கொடுத்தேன். திரும்பி வரும்போது கச்சேரி ரோட்டில் ஒரு கட்டைவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். விளக்கு எரிந்தது. டக் கேட்டது. டிரைவர் ஹார்னை அழுத்தினான். அந்தக் கட்டைவண்டி போகிறவரைக்கும் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் வண்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றி, விளக்குகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கூரையை மடக்கினார்கள். ஆறு முப்பத்தைந்துக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாயனமும் தவிலும். இரண்டு பக்கமும் காஸ் விளக்குத் தூக்குகிறவர்கள். வண்டியில் பின்சீட்டு முதுகின்மேல் மாப்பிள்ளை, அவரைச் சுற்றி இரண்டு வீட்டுக் குழந்தைகள் ஒன்பது. பின்னால் பெண்டுகள். சம்பந்தி வண்டியின் வலது பக்கம் நடந்தார். நான் இடது பக்கம். ஊதுகுழலை மறுபடி எடுத்துவந்து, அங்கவஸ்திரத்துக்குள் வைத்திருந்தேன்.

ஜானவாசத்தில் வண்டி போகிற வேகம் நாயனக்காரர் நடக்கிற வேகம். அவர் அன்றைக்கு மோகனம் எடுத்திருந்தார். நல்ல இடம் வந்தால் நின்றே வாசிப்பார். கம்பெனி எழுதிய ‘மிகவும் மெதுவாக’ என்பதற்கு இதைவிட மெதுவாக ஒன்று இருக்கமுடியாது. கிளம்பினதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

சம்பந்தி எட்டிப் பார்த்தார்.

“என்ன ஓய் அது, செவப்பா?”

“விளக்கு” என்றேன்.

“விளக்குன்னு தெரியறது. எதுக்கு?”

டைனமோவிலிருந்து பாட்டரிக்கு மின்சாரம் போகவில்லை என்று அந்த இடத்தில் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஒரு மங்களத்துக்கு” என்றேன்.

அவர் தலையாட்டினார். “நன்னா இருக்கு. ஆம் போய்ச் சேர்ற வரைக்கும் அணையாமப் பாத்துக்கும்.”

தம் வீட்டுப் பெண்டுகளிடமும் சொன்னார். ஒவ்வொருத்தராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று வருஷமாக எந்த விளக்கு எரியக்கூடாது என்று கவலைப்பட்டேனோ, அது அணையக்கூடாது என்று இப்போது கவலைப்பட வேண்டியதாயிற்று. முன்னால் கொஞ்சம் இடம் கிடைத்து டிரைவர் மிதித்தால் விளக்கு அணையும். சம்பந்தி திரும்பிப் பார்ப்பார். நான் டிரைவரிடம், “மெதுவா, மெதுவா” என்பேன். அவன் மெதுவாக விட்டால் டக் கேட்கும். நாயனம் ஓங்கியிருக்கிறபோது கேட்காது. நாயனக்காரர் மூச்சு எடுக்கிற இடைவெளிகளில் கேட்கும். வடக்கு மாட வீதி தாண்டுவதற்குள் குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. நாயனம் ஓய்ந்ததும் ஒன்பதும் சேர்ந்து, “டக்” என்றன.

“என்னது அது?” என்றார் சம்பந்தி.

“கொழந்தைகள்” என்றேன்.

தெற்கு மாட வீதி முனை திரும்பினோம். எங்கள் வீட்டுப் பந்தல் தெரிந்தது. முந்நூறு கஜம் இருக்கும். அங்கே சத்தம் மாறியது. டக் என்று இருந்தது, கிளிங் என்றது. பிறகு இரண்டு கிளிங், ஒன்றன்பின் ஒன்றாக. இரும்பு இரும்பின்மேல் விழுகிற சத்தம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏதோ ஒன்று இரண்டாக உடைந்துவிட்டது. எண்பத்து மூன்றாம் பக்கத்தில் ‘உடனே வண்டியை நிறுத்தவும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்த இடம் ஞாபகம் வந்தது. நிறுத்தினால் கல்யாணம் இல்லை. நிறுத்தாமல் பந்தலுக்கு நூறு கஜத்தில் அச்சு முறிந்தாலும் கல்யாணம் இல்லை. எங்கே உடைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் ஏதாவது செய்யலாம். கேட்பதற்கு மேளம் இடைஞ்சலாக இருந்தது.

முன்னால் ஓடி, நாயனக்காரர் தோளைத் தொட்டேன்.

“ஒரு நிமிஷம் நிறுத்துங்கோ.”

ஜானவாசத்தில் இப்படி யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர். அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு அவரும் கண்ணைத் திறந்தார். ஊர்வலம் நின்றது. வண்டி நின்றது. இஞ்சின் ஓடுகிற சத்தமும் காஸ் விளக்குகள் இரைகிற சத்தமும்தான். நான் இஞ்சின் மூடியைத் திறந்து, குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன்.

“யார் மேளத்தை நிறுத்தச் சொன்னது?” சம்பந்தி வந்துவிட்டார்.

“நான்தான்.”

“நிறுத்திட்டு என்ன பண்றீர்?”

“கேக்கறேன்.”

“என்னத்தை?”

“வண்டியை.”

“என்ன சொல்றது?”

குழலை வேறு இடத்தில் வைத்தேன். பதினோரு சத்தமும் காலையில் இருந்தபடியே இருந்தன.

“வண்டி நின்னுடுத்தா?” என்றார் சம்பந்தி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் அவருடைய சம்சாரம் நின்றாள். “நின்னுடுத்தாம்” என்று அவள் சொன்னது கேட்டது. அதை அடுத்தவள் சொன்னாள். “நின்னுடுத்தாம்”, “நின்னுடுத்தாம்” என்று கடைசிக் காஸ் விளக்குவரை போயிற்று. பந்தலில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்த என் மனைவி தட்டைக் கீழே வைப்பது எனக்குத் தெரிந்தது.

அப்போது மாப்பிள்ளை குனிந்து, “மாமா” என்றார். கல்யாணம் பேசின நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. “சத்தம் இஞ்சின்ல இல்லே. எனக்குக் கீழே, இந்தப் பக்கத்துச் சக்கரத்துலேர்ந்து வரது. லஸ்லேர்ந்தே வரது.”

“முன்னாடியே சொல்லப்படாதா?”

“மாப்பிள்ளை ஜானவாசத்துல வாயைத் தொறக்கப்படாதுன்னு எங்க அத்தை சொன்னா.”

நான் பின்சக்கரத்துக்குப் போனேன். நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி மூடி இருந்தது. அதை நெம்பி எடுக்கும்படி டிரைவரிடம் சொன்னேன். அவன் இஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்தான். ஆனால் சக்கரத்துக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

“அத்த அவுக்காதீங்க சாமி.”

“ஏன்?”

“அம்மாக்கு வாக்கு குட்த்துகீறேன்.”

“எந்த அம்மா?”

“நம்ம அம்மாதான்.”

“எடு ஓய் அதை” என்றார் சம்பந்தி, யாரைப் பார்த்தும் இல்லாமல். டிரைவர் நெம்புகோலை எடுத்து மூடியைத் தட்டினான். நைந்துபோன ஒரு மஞ்சள் துணி விழுந்தது. அதோடு ஒரு முழு ரூபாயும் ஒரு கால் ரூபாயும் தெருவில் விழுந்தன. முழு ரூபாய் உருண்டுபோய் சம்பந்தியின் காலடியில் சாய்ந்தது.

ஒன்றே கால் ரூபாய். மஞ்சள் துணி. அங்கே இருந்த யாருக்கும் அது என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. திருப்பதிக்கு முடிந்துவைத்த காசு.

“ஒரு மாசமா சாமி, வண்டி நின்னுடும் நின்னுடும்னு சொல்லிகினே கெடந்தீங்க” என்றான் டிரைவர். “அம்மா பயந்துபூட்டாங்க. ஏயுமலையானுக்கு முடிஞ்சி, நேத்து சாயங்காலம் எங்கையில குட்த்து, வண்டிலயே எங்கனா வையி, அவுரு கண்ணுல மட்டும் படக்கூடாதுன்னாங்க. நானும் சுத்திச் சுத்திப் பாத்தேன். நீங்க தெனம் பாக்காத எடம் இந்த வண்டில வேற எங்க கீது?”

வேகமாகப் போகும்போது முடிச்சு மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறது. மெதுவாகப் போகும்போது சுற்றுக்கு ஒரு தடவை மேலேயிருந்து கீழே விழுந்திருக்கிறது. துணி நைந்ததும் கிளிங்.

சம்பந்தி குனிந்து ரூபாயை எடுத்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கோர்ட்டுக் குரலில் கேட்டார்.

“வேண்டுதல் என்ன?”

“வண்டி வயில நிக்காம ஊட்டாண்ட வந்து சேர்னும்னு.”

“இப்ப நின்னுண்டிருக்கே.”

“சக்கரம்தான் நிக்கிது சாமி. வண்டி நிக்கல. இஞ்சினு ஓடிகினு கீது. வோணும்னா கேட்டுப் பாருங்க.”

சம்பந்தி என் பக்கம் கையை நீட்டினார். குழலைக் கொடுத்தேன். குடுமியை ஒதுக்கிவிட்டு, இஞ்சின்மேல் குழலை வைத்துக் காதைக் கொடுத்தார். வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, முன்பக்கம் போய்ப் பலகையை எட்டிப் பார்த்தார். நிற்கிற வண்டியாகையால் சிவப்பு விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“ஓடறது” என்றார். “விளக்கும் அணையலே. வண்டி நிக்கலே. மேளம்தான் நின்னது. அதை நிறுத்தினதும் பெருமாள்தான். இல்லேன்னா இது நமக்குத் தெரிஞ்சிருக்குமா?” அவருடைய சம்சாரத்தைப் பார்த்தார். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதுவும் ஒருவர் விடாமல் பின்னால் போயிற்று. “வாசிக்கச் சொல்லும் ஓய்.”

நாயனக்காரர் விட்ட இடத்திலிருந்தே எடுத்தார். ஏழு நிமிஷத்தில் பந்தலுக்கு வந்துசேர்ந்தோம். சத்தம் இல்லை. என் மனைவி ஆரத்தி சுற்றினாள். சுற்றும்போதே, என் பக்கம் திரும்பாமல், “நின்னுடுத்தா?” என்றாள்.

“நிக்கலே” என்றேன்.

காலையில் எட்டே கால் முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. சாப்பாட்டின்போது சம்பந்தி, வேண்டுதல் நிறைவேறிவிட்டபடியால் முடிச்சைத் தாமதிக்காமல் செலுத்திவிட வேண்டும், ஜானவாசத்தில் கூட இருந்தவர்கள் எல்லாரும் போவதுதான் முறை, உம்முடைய வண்டியிலேயே போகலாமே என்றார். ரயிலில் போகலாம் என்றேன். ஆனி மாதம் பதினாலு பேர் திருப்பதிக்குப் போனோம். மலைக்குப் பெரியவர்கள் நாலு பேருக்கு டோலி. உண்டியலில் முடிச்சைப் போட்டது என் மனைவி. சம்பந்தி அதற்கு முன் அதைப் பிரித்து, ஒன்றே கால் ரூபாயும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார். இருந்தது.

வண்டியை அதன்பிறகு ஆறு வருஷம் வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் யார் ஏறினாலும் முதலில் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரியாவிட்டால் டிரைவர் வேகத்தைக் குறைப்பான்.

டைனமோ துடைத்ததற்கு மூன்று ரூபாய். பழையதைச் சமையல்காரர்கள் ஒப்புக்கொள்ளாததால் புது ஊதுகுழலுக்கு ஆறணா. முடிச்சு ஒன்றே கால். ரயில், ஜட்கா, டோலி, சத்திரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து எழுபத்து நாலு ரூபாய் ஓரணா. ஆக மொத்தம் எழுபத்தெட்டு ரூபாய் பதினோரு அணா.